கடைசி ஓபேத்

"ஏன் மச்சான், என் பேரைச் சொன்னா உன் நாக்கு வெந்துடுமா?"

செட்ரிக் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். முன்னால் செம்மண் சாலை நேராகக் கிடந்தது.

சிறை வாசலில் ஏற்றிக்கொண்டதிலிருந்து இப்படித்தான். ஏறு மச்சான். சாப்பிடு மச்சான். ஒரு தடவைகூட ஓபேத் என்று கூப்பிடவில்லை.

"உன் வண்டியை நினைச்சுக்கிட்டுதானே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? கவுத்தது நான்தான். குடிச்சிருந்ததும் நான்தான். அதுக்குத்தானே ஒரு வருஷம் உள்ள கிடந்தேன். உன் தங்கச்சி ஜனெலுக்குப் பிரசவம், நான் பக்கத்துல இல்ல. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"வண்டி போகட்டும்."

"அடேங்கப்பா! வண்டியையே விட்டுட்டியா? அப்ப விஷயம் வேற." ஓபேத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஜனெல் என்னை வேண்டாம்னு சொல்லிட்டாளா?"

"இல்ல. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஓபேத் இருக்கையில் சாய்ந்து மூச்சை விட்டான். அது போதும் அவனுக்கு. அவளும் பிள்ளையும் இருந்தால் வேறு யார் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இன்னொரு வண்டியிலிருந்து வினி அத்தை இறங்கி ஓடிவந்தாள். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். விடவே இல்லை.

"போதும் அத்தை. ஜெயிலுக்குத்தான் போனேன், செத்தா போனேன்?"

"போ மருமகனே. சீக்கிரம் வீடு போய்ச் சேரு."

வண்டி கிளம்பியதும் ஓபேத் சட்டையின் ஈரத்தைத் துடைத்தான். "கிழவிக்கு என் மேல இவ்வளவு பாசமா? போன தடவை பார்த்தப்ப என்னை அடிக்க விறகுக்கட்டையை எடுத்துக்கிட்டு வந்தா!"

செட்ரிக் கியரை மாற்றினான்.

ஓபேத் பையிலிருந்து ஒரு கால்பந்துச் சட்டையை எடுத்தான். இரண்டு கை அகலம்கூட இல்லை. முழங்காலில் விரித்து நீவினான்.

"என் ஜேடனுக்கு. நாலு மாசப் பயலுக்குச் சரியா இருக்குமா, இல்ல தொளதொளன்னு தொங்குமா?"

"மாடு நிக்குது." செட்ரிக் பிரேக்கை மிதித்தான். மாடு வெகு தூரத்தில் நின்றது.

"புள்ளைக்கு என்ன பேருன்னு அவகிட்ட போன்ல கேட்டேன். 'வந்து தெரிஞ்சுக்கோ'ன்னு சிரிச்சா, கள்ளி. ஜேடன்தான். நான் சொல்லிட்டுத்தானே போனேன், என் பேரு மட்டும் வேணாம்னு."

"உன் பேருக்கு என்ன குறை?"

"நீ கேக்கறியா? எங்க தாத்தாவுக்கு எப்படி அந்தப் பேரு வந்ததுன்னு தெரியும்ல? பாதிரியார் கண்ணை மூடி வேதத்தைத் திறப்பாராம். விரல் பட்ட பேரைப் பொறந்த புள்ளைக்கு வெப்பாராம். ஒரே வருஷத்துல மூணு தடவை அவர் விரல் அதே எடத்துல விழுந்திருக்கு. ஓபேத், ஓபேத், ஓபேத்."

"சோம்பேறி விரல்."

"அர்த்தம் என்ன தெரியுமா? ஊழியக்காரன். மாட்டுப் பண்ணை வெள்ளைக்கார முதலாளி கேட்டுட்டு, ரொம்பப் பொருத்தம்னாராம். தாத்தா பொழுதுக்கும் மாடு மேய்ச்சதுக்கு மாவும் டீத்தூளும் சர்க்கரையும் குடுத்தாரு, அவ்வளவுதான். ஆனா அந்தக் காலத்துல அந்தப் பேருக்கு இருந்த மவுசு! ஒரு கால்பந்து அணியே கட்டலாம், அத்தனை ஓபேத். இப்ப யாரு வைக்கிறா? எல்லாம் ஜேடன், டைசன். மிச்சம் நான் ஒருத்தன்."

ஓபேத் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"தாத்தா போனப்ப எனக்கு எட்டு வயசு. புது டீச்சர் வகுப்புல என் பேரைச் சத்தமா கூப்பிட்டாங்க. கல்லு வந்து விழுந்த மாதிரி எல்லாப் பசங்களும் குனிஞ்சுட்டாங்க. எங்க சனத்துல செத்தவங்க பேரைச் சொல்லக் கூடாது, அதே பேரு உள்ளவனையும் அந்தப் பேரால கூப்பிடக் கூடாதுன்னு டீச்சருக்கு என்ன தெரியும், பாவம். ரெண்டு வருஷம் ஓபேத்னு பேரு இருந்த எங்க எல்லாருக்கும் 'குமன்ஜாயி'தான் பேரு, சொல்லக் கூடாத பேருக்குப் பதிலா கூப்பிடுற சொல்லு. அப்புறம்தான் பேரு திரும்பி வந்துச்சு. ஜெயில்லயும் காலையில அதைத்தான் கத்துவாங்க. ஓபேத், எந்திரி. ஓபேத், துடைப்பத்தை எடு." சட்டையை மடித்துப் பையில் வைத்தான். "ஊழியம் செஞ்சது போதும் மச்சான். இந்தப் பேரு என்னோட முடியட்டும்."

செட்ரிக் வேகத்தைக் குறைத்தான்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. வண்டி ஓபேத்தின் தெருவுக்குத் திரும்பவில்லை. ஊருக்கு வெளியே, மரக்கிளைகளை நட்டுப் போர்வை கட்டிய தடுப்புகளை நோக்கிப் போனது. துக்கம் காக்கிறவர்கள் தங்கும் இடம்.

ஓபேத் நிமிர்ந்து உட்கார்ந்தான். "யாரு மச்சான்? எங்கம்மாவா?"

"அம்மா இருக்காங்க."

வண்டி நின்றது. பெண்களின் ஓலம் எழுந்தது. அவர்கள் நடுவே மண்ணில் ஜனெல் உட்கார்ந்திருந்தாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். முகத்தில் வெள்ளை மண் பூசியிருந்தது. அவள் மடியில் எதுவும் இல்லை.

"முந்தாநேத்து, காய்ச்சல்ல," என்றான் செட்ரிக். "சொந்தக்காரங்க மத்தியிலதான் நீ கேக்கணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க."

எஞ்சினை அணைத்தான்.

"அவ உன் பேச்சைக் கேக்கல. புள்ளைக்கு உன் பேரைத்தான் வெச்சிருந்தா. இறங்கு, குமன்ஜாயி."