மாலை வகுப்பில் கடைசி பெஞ்ச்

பின்கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். நழுவுவதற்கு வசதியான இடம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்று காலையிலிருந்தே ஒரு நினைப்பு.

மாலைக் கல்லூரியில் கணக்குப்பதிவியல் முதல் வகுப்பு. வந்திருந்தவர்கள் எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள். முன்வரிசையில் இரண்டு சம்பந்திகள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாதென்றே சேர்ந்தவர்களாம். அதில் ஒருவர் முதுகுக்குத் தலையணையே கொண்டுவந்திருந்தார்.

என் பக்கத்தில் ஒரு நர்ஸ் அக்கா, வேலை முடிந்து சீருடையோடு அப்படியே வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். படிப்பை விட்டு இருபது வருஷமாகிறதாம், அவருக்கும் உதறல்தானாம். இந்த வருஷம் யாருக்கு அதிக மார்க் என்று மகனோடு போட்டியாம்.

அதைக் கேட்டதும் என் பயம் இரட்டிப்பானது. பிஸ்கட்டை முடித்ததும் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்போது முன்கதவு திறந்தது. நரைத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி.

மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. சம்பந்திகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். வாயில் பிஸ்கட்டோடு நானும் எழுந்துவிட்டேன், பழக்கதோஷம்.

மனிதர் திருதிருவென்று விழித்தார். கை கதவுப்பிடியிலேயே இருந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன்.

“அய்யய்யோ, உக்காருங்க. நான் லாரி ஓட்டுறவன். உங்ககூடப் படிக்கத்தான் வந்திருக்கேன்” என்றார்.

வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சம்பந்திகள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து நடுவில் இடம் கொடுத்தார்கள். ஒருவரிடம் பேனா, இன்னொருவரிடம் தாள் வாங்கிக்கொண்டு, ஏதோ தினமும் வந்து போகிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

அந்த வயதில், அத்தனை பேர் முன்னால், ஒரு மனிதர் அப்படி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மட்டும் என்ன கேடு?

எழுந்தேன். நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க போற தங்கச்சி? வாத்தியார் வர்ற நேரமாச்சு.”

சிரித்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் நடந்தேன். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே ‘விரிவுரையாளர்’ என்று எழுதினேன்.

திரும்பினால், நர்ஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். லாரிக்காரர் கையைத் தூக்கியிருந்தார். நான் இன்னும் ஒரு வார்த்தைகூட நடத்தவில்லை, அதற்குள் அவருக்கு ஒரு சந்தேகம்.

அவரை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.