பின்பக்கத்து ஜன்னல்கள்

மூன்றாவது ஜன்னலையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் முந்நூறு உயிரும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். சித்தையன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெழுகுத் துணியின் ஓரத்தில் வஜ்ஜிரப் பசையைத் தடவினான்.

முந்நூறும் கொசுக்கள். குளிர்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்க, மைசூர் அக்ரஹாரத்துக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் அளசிங்கர் மரக்கூண்டில் வைத்து வளர்த்தவை. கூண்டுக்கு முன்பக்கம் கண்ணாடி. பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி, காற்றுக்காக மூன்று வலை ஜன்னல்கள். கூண்டைச் செய்ததே சித்தையன்தான். இன்று கீல் ஆடுகிறது என்று சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

கொசுவுக்குத் தீனி வைக்கும் வேலையில் தம்பி மாதப்பனைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். போன மாதம், "கூண்டைக் கெடுத்த பயலுக்கு இங்க இடமில்லே" என்று பத்துப் பேர் முன்னால் டாக்டர் மாதப்பனை வெளியே தள்ளினார். நான்காம் நாளே அவனுக்குப் பேசி வைத்திருந்த ஹனூர்ப் பெண் வீட்டார் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதப்பன் சொந்த ஊரான கொள்ளேகாலுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்.

"என்னடா பண்ணுன?" என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

"பூச்சிக்கு நல்லதுன்னுதாண்ணா செஞ்சேன். கேக்காம செஞ்சது தப்புதான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கொசு பத்து நாளாவது உயிரோடு இருந்தால்தான் காய்ச்சல் விஷம் அதன் உடம்பில் முற்றுமாம். இங்கே ஐந்தாறு நாளிலேயே செத்துக்கொண்டிருந்தன. இன்றிலிருந்து பதினோராம் நாள் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அன்று கூண்டு நிறையப் பிணமாகக் கிடக்க வேண்டும். தம்பி நின்ற மாதிரி டாக்டரும் நாலு பேர் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். சித்தையன் துணியை அழுத்தி ஒட்டினான். கூண்டைச் சுவரோடு நகர்த்திவிட்டுக் கிளம்பினான்.

பதினோராம் நாள் காலையில் சேவகன் மல்லப்பன் வந்தான்.

"ஆசாரி, டாக்டர் கூப்பிடறார். கூண்டைத் திருப்பிப் பார்த்துட்டாங்க."

சித்தையன் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பயம் இல்லை. சொல்ல வேண்டியதைப் பத்து நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான்.

கூடத்தில் பெரிய அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூண்டின் முதுகு வாசலைப் பார்த்திருந்தது. மூன்று துணியும் அப்படியே இருந்தன.

"இதை ஒட்டினது நீயா?" என்றார் டாக்டர்.

"நானேதானுங்க சாமி."

"எதுக்கு?"

"எல்லாஞ் சாவட்டும்னுங்க. என் தம்பி தலை குனிஞ்ச மாதிரி உங்க தலையும் குனியட்டும்னுங்க."

டாக்டர் கூண்டைத் திருப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் கொசுக்கள் அப்பிக் கிடந்தன. அவர் விரலால் தட்டியதும் அத்தனையும் ரீங்காரத்தோடு எழும்பின.

"இந்தப் பங்குனிக் காத்து, உள்ளே வச்ச தண்ணித் தட்டோட ஈரத்தையெல்லாம் ஜன்னல் வழியா இழுத்துண்டு போயிருக்கு. காஞ்சுதான் செத்திருக்கு எல்லாம். நீ அடைச்சதும் ஈரம் உள்ளேயே தங்கிடுத்து. பதினோரு நாளா உயிரோட இருக்கு."

கொல்ல வந்த கை பிழைக்க வைத்துவிட்டது. தம்பியை அழித்தவருக்குத் தானே மாலை கட்டிக் கொடுத்தாயிற்று.

"அப்ப உங்களுக்குத்தான் ஜெயம்," என்றான்.

டாக்டர் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதிகாரியையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

"இல்லப்பா. இதே ஜன்னலை அடைச்சான்னுதான் உன் தம்பியை வெரட்டினேன்."