பித்தளை நாற்காலியில் மாமி

"மாமி, ப்ளீஸ், எழுந்திருங்கோ!"

சுப்ரஜா கெஞ்சினாள். பர்வதம் மாமி அசையவில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஓட்டல். அதன் புல்வெளியில் கைவினைக் கண்காட்சி. சுப்ரஜா வரைந்து கொடுக்க, கருங்குழி பெஞ்சமின் தன் பட்டறையில் குடம் தட்டுகிற சுத்தியலாலேயே தட்டித் தட்டிச் செய்த பித்தளை நாற்காலி, தாமரை இலை மாதிரி வளைந்து தகதகவென்று மின்னியது. அதன்மேல்தான் மாமி!

மாமி படூரில் சுப்ரஜாவுக்குப் பக்கத்து பிளாட். "கார்ல ஒரு சீட் காலிதானே?" என்று தானாக ஏறிக்கொண்டு வந்தவர். வந்ததும் முதல் வேலையாக அதில் உட்கார்ந்தார். "ஹா!" என்றார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"இன்னா மாமி நீ! ஓட்டல் ஓனரு வந்துகினு கீறாரு. அவருக்குப் பிட்ச்சா அவரோட புது ஓட்டல் முச்சூடும் நம்ம சேருதான். எய்ந்துக்க மாமி!" பெஞ்சமின் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாட்டேன்பா. சௌக்யமா இருக்கு."

"பேஜாராப் பூடும் மாமி!"

ஓனர் ஹர்ஷவர்தன் வந்தே விட்டார்.

"நான் உட்கார்ந்து பார்க்கலாமா?"

"செத்தப் பொறுங்கோ. எனக்கே இன்னும் ஆசை தீரலை." மாமி கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

சுப்ரஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஹர்ஷவர்தன் நாற்காலியைச் சுற்றி வந்தார். முதுகுப் பக்கம் சுண்டினார். 'ணங்!'

"பாத்தேளா, பாடக்கூடச் செய்யும்!" என்றார் மாமி.

ஹர்ஷவர்தன் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டம் சேர்ந்தது. மாமியோடு செல்ஃபி எடுத்தார்கள். மாமி ஹர்ஷவர்தனின் சொந்த ஊர், மாமனார் ஊர், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். ஒரு வழியாக எழுந்து, பாட்டில் தண்ணீரை நாற்காலியில் கவிழ்த்து, முந்தானையால் துடைத்தார்.

"இப்போ உட்காருங்கோ."

உட்கார்ந்தார். சாய்ந்தார். கண்ணை மூடினார். சவுக்கு மர நிழல் நாற்காலி முழுக்க விழுந்திருந்தது.

"அடடா, சொகுசா இருக்கே! எல்லா ரூமுக்கும் இதையே செஞ்சுடுங்க!"

பெஞ்சமின் அடித்த விசிலில் புல்வெளிக் காக்காய்கள் பறந்தன. சுத்தியலைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு ஒரு குத்தாட்டம் போட்டான். சுப்ரஜா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

மாமி மட்டும் தள்ளி, காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சுப்ரஜா போனாள்.

"ஏன் மாமி இப்படிப் பண்ணினேள்? அவர் கோச்சுண்டு போயிருந்தா? சரி விடுங்கோ, வாங்கோ, உட்கார்ந்து சாப்பிடலாம்."

"உட்காரவா?" மாமி பதறினார். "உச்சி வெயில்ல உன் நாற்காலி தோசைக்கல்லாக் காஞ்சிருந்ததுடி! அதுல அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தா ஆர்டரா குடுத்திருப்பார்? நிழல் வரவரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு இருந்தேன். நீ போய் உட்கார்ந்து சாப்பிடு கண்ணு. நான் நின்னுண்டே சாப்பிட்டுக்கறேன்."