மேட்டுக் குழியின் காவல்

மழைத் தண்ணீர் கீழ்க்குழித் தானியத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போனதும், சிவத்தி என்ற எறும்பு மேட்டுக் குழிக்கு ஓடினாள். ஆபத்துக் காலத்துக்கென்று அங்கே நானூற்றுப் பன்னிரண்டு கம்பு விதைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதற்குக் காவல் மினுக்கி. “எல்லாம் பத்திரம் அக்கா” என்று மாதம் தவறாமல் சொல்லி வந்தவள்.

மண்ணைத் தள்ளித் திறந்தால், அத்தனை விதையும் முளைத்து, தின்ன மாவில்லாமல் வெறும் தோலும் வேருமாய்க் கிடந்தது.

“முளைக்காதபடி நுனியைக் கடித்துவிட்டுத்தானே வைக்கச் சொன்னேன்? ஒரு நாளாவது திறந்து பார்த்தாயாடி?”

“வாசலில் அடைத்த மண் அசையவே இல்லையே அக்கா! இப்போதும் என்ன கெட்டுப்போயிற்று? மூன்றே மாதத்தில் கதிர் பிடித்துவிடும். ஒன்றுக்கு நூறு!”

சிவத்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மினுக்கியின் மீசையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள். வெள்ளத்தில் தப்பி, பசியில் துவண்டு கிடந்த அறுபத்து மூன்று குஞ்சுகளுக்கு முன்னால் நிறுத்தினாள்.

“மூன்று மாதம் பொறுக்கச் சொல்லி இவர்களிடம் நீயே சொல்லுடி.”