வானமாமலையின் வலது கால்

"ஆப்கா நாம்?"

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியில் பெயர் கேட்டாள் ஷாலினி. ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிற பெண். காலையில் எடுத்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, அதில் கொஞ்சம் கதிர்வீச்சு மருந்தைச் சேர்த்து, மறுபடி உடம்புக்குள் ஏற்றப்போகிறாள். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்குப் போய்விடக் கூடாது. அதனால் நோயாளி தன் வாயால் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த இசக்கிதுரை வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

ஊசியில் ஒட்டியிருந்த சீட்டில் அவன் பெயர் இல்லை. அவனுடைய அண்ணன் வானமாமலையின் பெயர் இருந்தது.

காப்பீட்டு அட்டை அண்ணனுடையது. மும்பை ரேஷன் கார்டு இருந்தால்தான் அது கிடைக்கும். தாராவிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் இசக்கிதுரை ஊர் ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஏதாவது கிடைக்கும், ஊரிலும் நாம் ஒரு ஆள் என்று இருக்கும். அந்தப் புத்திசாலித்தனத்தில் மும்பையின் காகிதங்களில் அவன் ஆளே இல்லாமல் போனான். அண்ணன் கதை நேர்மாறு. ஊருக்குப் போன இடத்தில் இறந்தார், மரணத்தை அங்கேயே பதிந்தார்கள். மும்பையைப் பொறுத்தவரை அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

பக்கத்தில் நின்றவள் வானமாமலையின் மனைவி மாரீஸ்வரி. அட்டையில் மனைவி என்று அவள் பெயர்தான் இருந்தது. அதனால் சொந்தப் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு மதினியோடு வந்திருந்தான் இசக்கிதுரை.

ஏற்பாடெல்லாம் அவளுடையது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு இன்று காலை ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். ஆதார் படத்தைப் பற்றிக் கவலை இல்லை. யார் முகத்துக்கும் பொருந்துகிற படம் அது, அண்ணன் தம்பிக்குக் கேட்கவா வேண்டும். வயது, பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஆட்டோவில் மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்லி அவளுக்குப் பழக்கம் கிடையாது. 'அவுக பேரு' என்றே ஒப்பேற்றியிருந்தாள்.

"பேர் சொல்லுங்க அங்கிள்." இவர்கள் முணுமுணுத்ததைக் கேட்டு ஷாலினி தமிழுக்கு மாறினாள். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப்பெண்.

"இச..." என்று தொடங்கினான்.

"வானமாமலை," என்றாள் மாரீஸ்வரி.

இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாளும் அவள் வாயில் வராத பெயர். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் வந்து நிற்கிறாரா என்று வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அவங்களேதான் சொல்லணும் ஆன்ட்டி."

இசக்கிதுரை சொன்னான். மருந்து ஏறியது.

செருப்பில் குத்தி ஏறிய ஆணி இரண்டு நாள் பாதத்திலேயே இருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. சர்க்கரை, குடும்பச் சொத்து. மூன்று மாதமாக வலது பாதம் வீங்கிக் கொதிக்கிறது. கைக்காசில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் கிருமி இருக்கிறதா, மூட்டு நொறுங்கி வந்த வீக்கமா என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. கிருமி இருக்கிற இடத்தைத் தேடி வெள்ளை அணுக்கள் போகுமாம். அவை எலும்பில் போய்க் கூடினால் காலை எடுக்க வேண்டும். கூடாவிட்டால் மாவுக்கட்டோடு சில மாதம். முறுக்குப் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவனுக்குக் காலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மாரீஸ்வரி எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. அந்த அணுக்களிடமே கேட்டுக்கொண்டாள். அங்கே போகாதீர்கள்.

பிறகு இயந்திரத்துக்கு அடியில் அவனைப் படுக்கவைத்துவிட்டு, ஷாலினி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து கணினி முன் உட்கார்ந்தாள். பழைய சிகிச்சை விவரங்களைத் திறந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் உள்ள வாங்க."

மாரீஸ்வரி போனாள்.

"இந்த கார்டுல ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆபரேஷன் காட்டுது. வலது கால். முட்டிக்குக் கீழ எடுத்தாச்சுன்னு இருக்கு."

மாரீஸ்வரி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கட்டுப் பிரித்த வலது பாதம் ஐந்து விரலோடு கிடந்தது.

எல்லாவற்றையும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. அன்றைக்கு இப்படி ஒரு ஸ்கேன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. புருஷன் காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள், கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு அவர் இருந்தது ஆறே மாதம். அந்த ஆறு மாதம் அவள் நினைப்பில் ஒட்டவே இல்லை. எப்போது நினைத்தாலும் சயான் ஸ்டேஷனிலிருந்து இரண்டு காலும் தேய வீட்டுக்கு நடந்து வருகிற மனிதர்தான் வருவார்.

ஷாலினி எட்டி வெளியே யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"நான் படம் எடுத்துடறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எலும்புல இருக்குன்னு வந்துச்சுன்னா, இந்த கார்டுல ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. ஏற்கனவே எடுத்த காலை மறுபடி எப்படி எடுப்பாங்க?"

மாரீஸ்வரிக்கு எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் இன்னொரு நாற்காலி இல்லை.

சாத்தாத கதவு வழியாக இசக்கிதுரையின் குரல் வந்தது.

"மதினி, அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

அவள் கதவருகே வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கால அசைக்காமப் படுத்திருக்கச் சொல்லுது."