இறைக்காத கிணறு

கடலுக்கடியில் குகைக்குள் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரன் சுத்தத் தமிழில் தன் காதலியைக் கூப்பிட்டு அழுதபோது, சோணைமுத்து காலடியில் காறித் துப்பினான்.

முன் வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தியேட்டரில் துப்புவதற்கு இடம் தேட வேண்டியதில்லை. மூத்திர வாடை, பீடிப் புகை, மிதிபடும் கடலைத் தொலி. மதியக் காட்சி வேறு, கூரைத் தகரம் காய்ந்து வேர்வை நாறியது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். திரையில் ஓடுகிற தண்ணீரைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

அதென்ன தண்ணீர்? கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி. அந்த ஆழத்தில் அரை பர்லாங்குக்குக் கண் தெரிகிறதாம். கலர் கலராய் மீன் வந்து ஆளை மோந்து பார்க்கிறதாம்.

கூமாப்பட்டி வட்டாரத்தில் இருபது வருடமாகக் கிணறுகளில் மூழ்குகிறவன் அவன். குடம், வாளி, மோட்டாரில் கழன்று விழுந்த குழாய், அப்புறம் மனுசர்கள். கண்ணைத் திறந்தால் பச்சைச் சகதி. பாசி மூக்கில் ஏறும். செத்த ஓணான் உதட்டில் வந்து இடிக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த வாடை அடிக்கும்.

அதை எவன் படமெடுப்பான்?

"ஒந் தொழிலத்தான் மச்சான் படமா எடுத்திருக்கான்" என்று சொல்லிப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்த சோலைச்சாமி, பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடைவேளைக்குப் பிறகுதான் அக்கிரமம்.

குகைக் கூரையில் ஒரு குழிவு. அதில் கொஞ்சம் காற்று. வெள்ளைக்காரன் கழுத்துவரை தண்ணீரில் நின்று, அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு, மூன்று நாள் உயிரோடு இருக்கிறான்.

பொய். தண்ணீருக்கடியில், பாறைக்குள், ஏது காற்று?

அவனுக்குத் தெரியாத பாறையா? போன பங்குனியில் கருத்தையா தோட்டத்துக் கிணறு. அடியில், பக்கவாட்டில், ஆள் நுழைகிற அளவுக்குப் பாறைக்குள் ஒரு குடைவு. பொடவு என்பார்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று யாருக்கும் தெரியாது. ராஜபாளையத்து மில்லிலிருந்து லீவுக்கு வந்த பையன் சமுத்திரம் குட்டிக்கரணம் போட்டுக் குதித்தவன், மேலே வரவில்லை.

சோணைமுத்துவைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார்கள். மூழ்கினான். பொடவுக்குள் இடுப்புவரை நுழைந்து துழாவினான். ஆள் தட்டுப்படவில்லை.

"போயிட்டான். செத்தவனுக்கு எதுக்குக் கெணத்த எறைக்கணும்? மூணாம் நாளு தானா மெதப்பான்" என்றான், மேலே வந்து.

கிணற்று விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். யாரும் இறைக்கவில்லை.

சமுத்திரம் ஆறாம் நாள்தான் மிதந்தான். தண்ணீர் குளிர்ச்சி, அதனால் தாமதம் என்றான் சோணைமுத்து. பத்து விரல் நுனியும் பிய்ந்து கிடந்ததைப் பார்த்துப் பெற்றவள் சீனியம்மாள் அலறினாள். கெளுத்தி மீன் கடித்திருக்கிறது என்று சொல்லி, அவனே தன் துண்டால் அந்தக் கைகளை மூடினான்.

ஆகவே இந்தப் படம் பொய். பொய்யாக இருந்தே ஆக வேண்டும்.

திரையில் வெள்ளைக்காரன் ஒரு கல்லை எடுத்துப் பாறையில் தட்டத் தொடங்கினான். மேலே தேடுகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று.

டொப். டொப். டொப்.

அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. கடலை கொறிக்கிற சத்தம்கூட இல்லை. எடுத்தவன் மேல், நடித்தவன் மேல், கண்ணில் நீர் முட்டப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த முட்டாள் கூட்டத்தின் மேல் சோணைமுத்துவுக்கு அப்படியொரு அருவருப்பு.

"ஏலே மாப்ள, தண்ணிக்குள்ள எந்தச் சத்தம் எங்கருந்து வருதுன்னே தெரியாதுலே" என்றான், வேண்டியதற்கு மேல் சத்தமாக. "அன்னைக்குப் பொடவுக்குள்ள எனக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. பாத்தா, ஒந் தோட்டத்து ஆயில் இஞ்சின் ஓடுத சத்தம். அம்புட்டுத் தூரம் கேக்கும். இவனுக என்னமோ படம் காட்டுதானுக."

சோலைச்சாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு எங்க மச்சான் எம் இஞ்சின் ஓடுச்சு? கெணறு எறைக்கணுமேன்னு கழத்தி, வண்டியில ஏத்தி, நீ முங்கும்போது ஒந் தலைக்கு மேலதான கொண்டாந்து நிறுத்தியிருந்தேன். நீதான வேண்டாம்னு திருப்பி அனுப்புன."

திரையில் பாறை உடைந்தது. உள்ளே வெளிச்சம் பாய்ந்தது. வெள்ளைக்காரன் கையை நீட்டினான், மேலிருந்து நாலு கைகள் அதைப் பிடித்துக்கொண்டன. தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது.

"பொழச்சிட்டான் மச்சான்!" சோலைச்சாமி அவன் தொடையில் ஓங்கி அடித்தான். "பொழச்சிட்டான்!"

சோணைமுத்து காறினான். துப்புவதற்கு எச்சில் வரவில்லை.