விளிம்பில் உரசிய பந்து

"புருஷன் அம்பயர், பொண்டாட்டி பிளேயர். கப்பு எந்த வீட்டுக்குப் போகும்னு ஜோசியமா பார்க்கணும்?"

பின்வரிசையில் எழுந்த சிரிப்பு, நடுவர் நாற்காலியில் அமர்ந்திருந்த எக்ஸ்ரேக்காரரின் காதில் விழுந்தது. விழாதது போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

வரவேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். அந்த மருத்துவமனையில் டேபிள் டென்னிஸ் விதிகளைக் கரைத்துக் குடித்த இன்னொருவர் அவர்தான். மேசையின் ஒரு பக்கம், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி. மறுபக்கம் மருந்தகத்துப் பெண். ஜெயிப்பவருக்குக் கோப்பையோடு, வெளியூர் போகும் அணியில் காலியாக இருந்த ஒரே இடமும் உண்டு. குழந்தை பிறந்தபோது பரண்மேல் போட்ட மட்டையை, அந்த இடத்துக்காகத்தான் மனைவி இந்த வருடம் கீழே இறக்கியிருந்தாள்.

"என்கிட்ட சலுகை எதிர்பார்க்காதே" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"உங்ககிட்ட ஒரு வாய் காபியே எதிர்பார்க்கிறதில்ல. சலுகையாம்!"

கடைசி ஆட்டம். இன்னும் ஒரே புள்ளி. எடுத்தால் வெற்றி அவளுக்கு.

அவள் அடித்தாள். பந்து குழல்விளக்கின் வெளிச்சத்துக்குள் கரைந்து, மறுபடி உருவெடுத்து, தூக்கத்தில் விழும் இறகு போல இறங்கியது. தண்ணீருக்கடியில் போய்விட்டாற்போல் மண்டபம் ஓசையற்றுக் கிடந்தது. அவர் அமர்ந்திருந்த பக்கத்து மேசை ஓரத்தை மெல்ல உரசிக்கொண்டு பந்து நழுவிற்று.

மேல்விளிம்பில் பட்டிருந்தால் எட்ஜ்; புள்ளி மனைவிக்கு. ஒரு மயிரிழை கீழே என்றால் சைடு, புள்ளி மருந்தகத்துக்கு.

எல்லா முகங்களும் ஒரே சமயத்தில் உதித்த நிலாக்களைப் போல அவர் பக்கம் திரும்பின.

"சைடு."

எங்கோ தொலைவில் யாரோ சொன்னது போல்தான் அது அவருக்கே கேட்டது.

"எட்ஜ்ல பட்டுச்சு சார்!" மண்டபத்துக்குள் மனைவிக்கு அவர் 'சார்'தான். மருந்தகத்துப் பெண்ணைப் பார்த்தாள். "நீ சொல்லேன்மா."

"நான் சரியா பார்க்கலக்கா..."

"சைடு. ஆட்டத்தைத் தொடருங்க."

அதன்பின் அவள் அடித்த இரண்டு பந்துகள் அடுத்தடுத்து வலையிலேயே போய் விழுந்தன. கோப்பை மருந்தகத்துக்குப் போயிற்று.

நக்கலடித்த பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது, அவருக்காக.

தலைமை மருத்துவர் நேரே வந்து தோளைத் தட்டினார். "கட்டின பொண்டாட்டின்னு கூடப் பார்க்கலையேய்யா! தராசு முள்ளுன்னா நீதான்."

"சாருக்கு இன்னிக்கு ராத்திரிச் சோறு கிடைக்குமான்னு கேளுங்க டாக்டர்!" என்றாள் ஒரு நர்ஸ்.

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கால் தரையில் பாவாமல், மேகத்தின்மேல் நடப்பவரைப் போல வாசலுக்கு வந்தார்.

மனைவி மட்டையை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் மாலை வெயிலில் நடந்தார்கள். தெருமுனை தாண்டியதும் அவள்தான் வாய் திறந்தாள்.

"ஏங்க."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"அதே பந்தை அந்தப் பொண்ணு அடிச்சிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் நின்றுவிட்டார். சாய்ந்த வெயிலின் பொன்துகள்களுக்கிடையே அந்தப் பந்து மறுபடி மெல்ல மெல்ல இறங்கியது. இம்முறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பின்வரிசை இல்லை.

"எட்ஜ்னு" என்றார்.